லைபோசக்‌ஷனுக்குப் பிறகு ஆறு மாதம்: வயிறு, இடுப்புப் பகுதிச் சிகிச்சை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

லைபோசக்‌ஷன் (தோலுக்கடிக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை) செய்துகொண்டவர்கள் பதறிப்போய் மருத்துவமனைக்கு போன் செய்வது பெரும்பாலும் பதறத் தேவையில்லாத காரணங்களுக்குத்தான். படுக்கை நனைந்துவிட்டது, எடை கூடிவிட்டது, வயிறு கட்டிகட்டியாக இருக்கிறது என்பார்கள். உண்மையில் ஓடிவர வேண்டிய அறிகுறிகளை வீட்டில் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று தள்ளிவிடுகிறார்கள். ஒரு காலில் மட்டும் வலி, லேசாக மூச்சு வாங்குவது, தோலில் எதுவும் தெரியாமலே தாங்க முடியாத வலி எல்லாம் அந்த வகை. எது எந்தப் பக்கம் என்று பிரித்துக் காட்டுவதற்காகவே இந்த நிகழ்வை எடுத்துக்கொள்கிறோம்.

இது ஒரு தனி நோயாளியின் கோப்பு அல்ல. தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் காண்பவற்றை ஒரே ஆள் மீது ஏற்றித் தொகுத்த மாதிரி நிகழ்வு.

சிகிச்சைக்கு முன்

42 வயதுப் பெண், வங்கி ஊழியர். இரண்டு குழந்தைகள், இரண்டும் சிசேரியன். உயரம் 158 செ.மீ., எடை 68 கிலோ, பிஎம்ஐ 27. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லை. ஹீமோகுளோபின் 11.6. நடைப்பயிற்சிக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் அசையாத அடிவயிறும் இடுப்பின் இரு பக்கச் சதையும்தான் அவருடைய குறை. தொப்புள் மட்டத்தில் சுற்றளவு 92 செ.மீ. பழைய சிசேரியன் தழும்பின் அருகிலோ தொப்புளிலோ குடலிறக்கம் இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்யப்பட்டது. சிறிய குடலிறக்கம் ஒன்றைக் கவனிக்காமல் விட்டால், கொழுப்பை உறிஞ்சும் கேனுலா என்ற குழாய் குடலையே துளைக்கக்கூடும் என்பதால் இந்த ஸ்கேனைத் தவிர்க்கக் கூடாது.

'ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?' என்று பொதுவாகக் கேட்டால் 'ஒன்றுமில்லை' என்றுதான் பதில் வரும். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். முதலாவது, மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. கல்யாணம், கோயில் என்று மருந்துக்கடையில் நேராக வாங்கிப் போட்டுக்கொள்கிற இதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அதில் உள்ள நோரெத்திஸ்டிரோனின் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டாவது, படர்தாமரைக்குச் சாப்பிடும் இட்ராகோனசோல். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயினைக் கல்லீரல் கரைப்பதை இது தாமதப்படுத்தும். மூன்றாவது, மூட்டு வலிக்கான மாத்திரை, ஆஸ்பிரின், பூண்டு கேப்ஸ்யூல், மீன் எண்ணெய் வகையறா. இவற்றால் கன்றிப்போவது அதிகமாகும். இந்த நோயாளி நோரெத்திஸ்டிரோனைப் பத்து நாள் கழித்து வரும் ஒரு கல்யாணத்துக்காக வாங்கி வைத்திருந்தார். வேண்டாம் என்று நிறுத்தப்பட்டது. அந்தக் கல்யாணம் வேறு விதத்தில் பிறகு வரும்.

காலில் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கணிக்கும் கேப்ரினி மதிப்பெண்: வயது 41க்கு மேல் என்பதற்கு 1, முக்கால் மணி நேரத்தைத் தாண்டும் அறுவைக்கு 2, பிஎம்ஐ 25க்கு மேல் என்பதற்கு 1, மொத்தம் 4. அந்த மாத்திரையையும் போட்டிருந்தால் 5. நான்கு என்ற அளவில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி தேவையில்லை, அறுவையின்போது கால்களை அழுத்தித் தளர்த்தும் இயந்திரமும் அன்று மாலையே எழுந்து நடப்பதும் போதும் என்று முடிவானது.

அறுவையில் நடந்தது, சுருக்கமாக

1 லிட்டர் சலைனில் லிக்னோகெயின் 500 மி.கி., அட்ரினலின் 1 மி.கி., சிறிது சோடியம் பைகார்பனேட் கலந்த டியூமசென்ட் (திசுவை உப்பச் செய்யும்) திரவம் 3.5 லிட்டர் தோலுக்கடியில் செலுத்தப்பட்டது. கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1987இல் வெளியிட்ட முறையின் வழிவந்தது இது. லிக்னோகெயின் கணக்கு 1,750 மி.கி., அதாவது எடைக்குக் கிலோவுக்கு 26 மி.கி. அளவில். கிளைன் வகுத்த 35 என்ற வரம்புக்கு உள்ளேதான். அரை செ.மீ.க்கும் குறைவான ஐந்து துளைகள் வழியாக 2.8 லிட்டர் உறிஞ்சப்பட்டது. அதைத் தெளியவிட்டுப் பார்த்ததில் மேலே நின்ற கொழுப்பு 2.1 லிட்டர். எடையாகச் சொன்னால் 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மொத்தமாக 5 லிட்டரைத் தாண்டினால் 'பெரிய அளவு' என்று கருதி ஓர் இரவாவது மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பார்கள். இவர் மாலையே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

துளைகளில் இரண்டு, கீழ்நோக்கி வடிவதற்காகத் தையல் போடாமல் விடப்பட்டன. இதை நோயாளியிடமும் கூட இருப்பவரிடமும் முன்கூட்டியே சொல்லாவிட்டால் முதல் ராத்திரியே ஆம்புலன்ஸ் வரும்.

முதல் 48 மணி நேரம்

செலுத்திய 3.5 லிட்டரில் உறிஞ்சும்போது திரும்பி வருவது கொஞ்சம்தான். மீதி தோலுக்கடியிலேயே நிற்கிறது. அதில் ஒரு பங்கு ரத்தத்தில் ஏறும், ஒரு பங்கு துளைகள் வழியாக வெளியே வடியும். ரோஜாப்பூ நிறத்தில் தண்ணீராக இருக்கும். பார்ப்பவருக்கு ரத்தமே ஊற்றுவது போலத் தெரியும், ஆனால் பெரும்பகுதி சலைன்தான். இவருக்கு முதல் இரவில் பெரிய அளவு உறிஞ்சும் பேடுகள் ஆறு மாற்ற வேண்டியிருந்தது, மறுநாள் மூன்று, இரண்டாம் நாள் இரவோடு நின்றுவிட்டது. மெத்தையின் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் பழைய வேட்டி, கார் சீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. இவ்வளவுதான் ஏற்பாடு. நிறம் கெட்டியான சிவப்பாகி, பேடில் கட்டிகட்டியாக உறைந்து, ஒரு மணி நேரத்துக்குள் ஒன்று நனைந்தால் அது வேறு கதை. உடனே கூப்பிட வேண்டும்.

வடிவது நல்லது. வேகமாக வடிந்தவர்களுக்கு வீக்கமும் கன்றலும் குறைவாக இருப்பதைக் காணலாம். துளையை பஞ்சு வைத்து பிளாஸ்திரியால் இறுக்கி அடைப்பது உதவி அல்ல.

அடுத்தது, ட்ரிப் விவகாரம். சோர்வாகப் படுத்திருப்பவரைப் பார்த்ததும் வீட்டார் 'பக்கத்து கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் ஏற்றிவிடலாம்' என்பார்கள். தோலுக்கடியில் ஏற்கெனவே லிட்டர் கணக்கில் திரவம் நின்று மெல்ல ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது நரம்பு வழியாகவும் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நியூயார்க் நகர மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்துக்கு 1993 முதல் 1998 வரை வந்த இறப்புகளை ஆராய்ந்து 1999இல் வெளியான கட்டுரையில், டியூமசென்ட் லைபோசக்‌ஷனுக்குப் பின் இறந்த ஐந்து பேர் விவரிக்கப்பட்டார்கள். அதில் ஒருவர் திரவம் மிகையானதால் இறந்தார். இன்னொருவர் கெண்டைக்காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போனதால். வாயால் குடிக்க முடிகிறவருக்கு மோர், இளநீர், உப்புக் குறைத்த ரசம், கஞ்சி போதும். அறுவை நடந்த இடத்தில் கேட்காமல் யாரும் ட்ரிப் போடக் கூடாது.

லிக்னோகெயின் ரத்தத்தில் உச்ச அளவைத் தொடுவது அறுவை முடிந்ததும் அல்ல. செலுத்தியதிலிருந்து சுமார் 12 முதல் 14 மணி நேரம் கழித்து. காலை அறுவை என்றால் அந்த உச்சம் வீட்டில், ராத்திரியில் வருகிறது. உதட்டைச் சுற்றி மரத்தல், நாக்கில் உலோகச் சுவை, காதில் ரீங்காரம், பேச்சுக் குழறல், தசை துடித்தல் ஆகியவற்றைக் கூட இருப்பவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தனியாக வசிப்பவரை அன்றிரவு தனியாக விடக் கூடாது என்பதற்கு வலியைவிட இதுவே காரணம். இவருக்கு அப்படி எதுவும் வரவில்லை.

வலி எப்படி இருக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். கத்தி வெட்டின வலி அல்ல. பல நாள் ஓய்ந்திருந்த உடம்பு ஒரே நாளில் நூறு தோப்புக்கரணம் போட்டது போன்ற சதை வலி. படுக்கையிலிருந்து எழும்போதுதான் சுரீர் என்னும். பக்கவாட்டில் திரும்பி, கையூன்றி, காலைக் கீழே தொங்கவிட்டு எழுந்தால் பாதி வலி மிச்சம். பாராசிட்டமால் 650 மி.கி. ஆறு மணிக்கு ஒருமுறை என்று முதல் மூன்று நாள் நேரப்படி கொடுக்கப்பட்டது. டிரமடால் ராத்திரிக்கு மட்டும், அதுவும் இரண்டு நாள். அதற்கு மேல் போனால் குமட்டலும் மலச்சிக்கலும் வந்து, வயிற்றை முக்கி வலியை இவர்களே கூட்டிக்கொள்வார்கள்.

அன்று மாலை ஆறு மணிக்கே வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நடக்க வைக்கப்பட்டார். விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கு ஒருமுறை அதே நடை. படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் மடக்கி நீட்டுவது. பிள்ளை பெற்றவளைப் போலப் படுக்க வைத்துக் கவனிக்கும் பாசம் இங்கே ஆபத்து. 1994 முதல் 1998 வரையிலான ஏறத்தாழ 5 லட்சம் சிகிச்சைகளைப் பற்றி அமெரிக்க அழகியல் அறுவை மருத்துவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் இறப்பு சுமார் 5,000இல் ஒன்று; அதில் கால்பங்குக்குச் சற்றே குறைவானவை நுரையீரலை ரத்தக்கட்டி அடைத்ததால் நேர்ந்தவை, காரணங்களில் அதுவே முதலிடம். அந்தக் காலத்துக்குப் பின் முறைகள் எவ்வளவோ மாறிவிட்டன என்றாலும் நடப்பது பற்றிய பாடம் மாறவில்லை.

முதல் குளியல்

இந்தச் சிகிச்சையில் நோயாளி கீழே விழுவது என்றால் பெரும்பாலும் இங்கேதான். இரண்டாம் நாள் காலை. வயிறு, இடுப்பு, தொடை வரை இறுக்கிப் பிடித்திருந்த அழுத்த ஆடையை, நோயாளிகள் வாயில் அது 'பெல்ட்', முதன்முதலாகக் கழற்றுகிறார்கள். பிடித்திருந்த அழுத்தம் சட்டென்று விலகியதும் ரத்தம் கீழே தங்கிவிடுகிறது. வெறும் வயிறு, வெந்நீர், நின்றுகொண்டு குளிப்பது மூன்றும் சேர்ந்தால் கண் இருட்டும். இவருக்கும் இருட்டியது. ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததாலும் அக்கா பக்கத்தில் நின்றதாலும் அடி படவில்லை.

முறை இது. முதலில் இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும். கட்டில் ஓரத்தில் பத்து நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். உட்கார்ந்தபடியே கொக்கிகளில் பாதியை மட்டும் அவிழ்த்து ஐந்து நிமிடம் விட்டு, பிறகு மீதி. குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூல், கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரை மக்கில் மொண்டு தோளிலிருந்து ஊற்றிக்கொள்ளலாம்; துளைகளில் சோப்பைத் தேய்க்க வேண்டாம், நுரை வழிந்து போனால் போதும். எண்ணெய்க் குளியல், தொட்டிக் குளியல், கிணறு, நீச்சல் குளம் எதுவும் துளைகள் முழுதும் மூடும்வரை, அதாவது இரண்டு மூன்று வாரம், கூடாது.

மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை

மூன்றாம் நாள் எடை 69.4 கிலோ. கொழுப்பை எடுத்த பிறகு 1.4 கிலோ கூடுதல்! எடை இயந்திரத்தை இரண்டு வாரத்துக்குப் பரண்மேல் ஏற்றிவிடச் சொல்வது வீம்புக்கு அல்ல. செலுத்திய திரவத்தின் மிச்சம், காயத்துக்கு உடம்பு சேர்க்கும் நீர், மூன்று நாளாகப் போகாத மலம் எல்லாம் சேர்ந்த எடை அது. சுற்றளவும் 94 செ.மீ.க்கு ஏறியிருந்தது. வீக்கம் மூன்று நான்காம் நாளில் உச்சத்தில் நிற்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை அந்த வாரம் நிறுத்தினால் கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்.

நான்காம் நாள் காலை பிறப்புறுப்பு உதடுகள் கருநீலமாக வீங்கியதைப் பார்த்து நோயாளி அழுதுவிட்டார். கூச்சத்தால் ஒரு நாள் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. அடிவயிற்றிலிருந்து திரவமும் ரத்தமும் புவியீர்ப்பால் இறங்கி, கீழே தளர்வான தோல் இருக்கும் இடத்தில் தங்குவதுதான் இது. ஆண்களுக்கு விதைப்பையில் தங்கும், எலுமிச்சை அளவில் இருந்தது ஆரஞ்சு அளவாகத் தெரியும். வலி அதிகம் இல்லாமல், சிறுநீர் தடையின்றிப் போனால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு வாரம் பத்து நாளில் வடிந்துவிடும். இதை அறுவைக்கு முன்பே, கணவருக்கோ மனைவிக்கோ எதிரில், சங்கடப்படாமல் சொல்லிவிடுவது மருத்துவரின் வேலை.

கன்றல் ஊதாவாகத் தொடங்கி, பச்சை, மஞ்சள் என்று மாறிக்கொண்டே தொடை வரை இறங்கும். இரண்டு வாரத்தில் மங்கும். மாநிறத் தோலில் அதற்குப் பிறகும் பழுப்புச் சாயல் சில மாதம் நிற்கலாம்.

மூன்றாம் நாள் ஹீமோகுளோபின் 10.4. நம் ஊர்ப் பெண்கள் பலர் அறுவைக்கு வரும்போதே ரத்தச் சோகையின் விளிம்பில் இருக்கிறார்கள். இந்த நேரத்தில் 'இன்னும் மெலிய' வேண்டும் என்று இரவு உணவை விடுவது காயம் ஆறுவதைக் கெடுக்கும். முட்டை, பருப்பு, மீன், இரும்புச்சத்து மாத்திரை. உணவுக் கட்டுப்பாட்டை ஆறு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பெல்ட்டும் பாவாடை நாடாவும்

முதல் மூன்று வாரம் குளியல் நேரம் தவிர நாள் முழுக்க, அடுத்த மூன்று வாரம் பகலிலோ இரவிலோ 12 மணி நேரம் என்பதே இவருக்குச் சொல்லப்பட்டது. ஆளுக்கு ஆள் இந்த அட்டவணை மாறும். நான்கு வாரமா எட்டு வாரமா என்பதைத் திட்டவட்டமாகத் தீர்க்கும் அளவுக்கு ஆய்வுகள் இல்லை, பழக்கத்தின் பேரில்தான் சொல்லப்படுகிறது. முதல் மூன்று வாரத்தைப் பற்றி மட்டும் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இரண்டு பெல்ட் தேவை, ஒன்று துவைக்க. உள்ளே தையல் விளிம்பு இல்லாத மெல்லிய பருத்திப் பனியன் போட்டால் வெயில் காலத்தில் வேர்க்குரு குறையும். இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அளவு தவறு. இறுக்கம் கூடக்கூட நல்லது என்பது பொய். உட்காரும்போது பெல்ட் இடுப்பில் மடிந்து கயிறு போலச் சுருண்டால், அந்த மடிப்பு வீங்கிய சதையில் பள்ளம் பதிக்கும், சில சமயம் கொப்புளமும் எழும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்வதை மூன்று வாரம் தள்ளிவைக்கச் சொல்வது இதனால்தான். மடிகிற இடத்தில் ஒரு ஃபோம் துண்டை வைத்துச் சமன் செய்யலாம்.

எட்டாம் நாள் அந்தக் கல்யாணம். பட்டுப் புடவைக்குக் கீழே பெல்ட் துருத்தும் என்று காலை ஆறிலிருந்து மூன்று மணி வரை அதைக் கழற்றிவைத்தார். அதற்குப் பதிலாக இடுப்பில் ஏறியது பாவாடை நாடா. கொசுவம் நழுவாமல் இருக்க இழுத்து முடிச்சிட்ட அரை செ.மீ. நாடா, வீங்கிய இடுப்பை இரண்டாகப் பிரித்து, மேலே ஒரு வளையமும் கீழே ஒரு வளையமுமாக நீரைத் தேக்கியது. மாலையில் அவிழ்த்தபோது இடுப்பைச் சுற்றி சிவந்த வடு. புடவை கட்டியே ஆக வேண்டுமென்றால் பெல்ட்டின் மேலேயே, அகலமான எலாஸ்டிக் பட்டை வைத்த பாவாடையோடு கட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எழுதிக் கொடுக்கும் தாளில் 'இறுக்கமான ஆடை தவிர்க்கவும்' என்று பொதுவாகப் போட்டால் நாடா யார் நினைவிலும் வராது.

பத்தாம் நாள் இடது இடுப்பில் உள்ளங்கை அளவு புடைப்பு. ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் அலை தெரிந்தது. தண்ணீர்ப் பையைத் தொடுவது போன்ற அந்த உணர்வுதான் சீரோமாவின் அடையாளம். வலியோ காய்ச்சலோ இல்லை. தோலுக்கும் சதைக்கும் நடுவே உண்டான வெற்றிடத்தில் நிணநீர் கோத்துக்கொள்வது இது. 18 கேஜ் ஊசியால் 70 மி.லி. எடுக்கப்பட்டது, வைக்கோல் நிறம், தெளிவு, வாடை இல்லை. அந்த இடத்தில் ஃபோம் வைத்து பெல்ட். மூன்று நாள் கழித்து 30 மி.லி. அதற்கடுத்த முறை ஒன்றும் இல்லை. கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்திருந்தால் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்ப வேண்டியிருக்கும். எடுக்காமல் வாரக்கணக்கில் விட்டால் அதைச் சுற்றி ஒரு உறை கட்டிக்கொள்ளும். பிறகு ஊசி பயன்படாது.

நாடாதான் காரணமா? உறுதியாகச் சொல்ல முடியாது. இடது பக்கத்தில் கொழுப்பு கூடுதலாக எடுக்கப்பட்டது என்று அறுவைக் குறிப்பு சொல்கிறது. அதுவே போதுமான காரணம். ஒன்பது மணி நேரம் அழுத்தம் இல்லாமல் இருந்தது அதற்குத் துணை போயிருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

மூன்றாம் வாரத்துக் கல்

வீக்கம் இறங்கி, கன்றல் மறைந்து, 'நன்றாகிவிட்டது' என்று நினைக்கும் நேரத்தில் வயிறு பலகை போலக் கெட்டியாகும். விரலை ஓட்டினால் உள்ளே உருளை உருளையாக, கயிறு கயிறாகத் தட்டுப்படும். வலது பக்கம் ஒரு மேடு, இடது பக்கம் ஒரு பள்ளம். 'சிகிச்சை கெட்டுப்போய்விட்டது, பணம் போச்சு' என்று இவர் சொன்னது 23ஆம் நாள். கேனுலா போய்வந்த ஒவ்வொரு சுரங்கமும் தழும்புத் திசுவால் மூடப்படுகிறது. அந்தத் திசு மூன்று நான்காம் வாரத்தில் மிகக் கடினமாக இருந்து, பிறகு இரண்டு மூன்று மாதத்தில் இளகும். இந்தக் கட்டத்தில் மறு அறுவை பற்றிப் பேசும் மருத்துவரிடமிருந்து விலகி நிற்பது நல்லது.

மென்மையான தடவல் உதவும்: துளைகள் மூடியபின், உள்ளங்கையால், தோலை மட்டும் நகர்த்தும் அழுத்தத்தில், இடுப்பு மடிப்பை நோக்கி, நாளுக்கு இருமுறை பத்து நிமிடம். உருவி எடுக்கும் எண்ணெய் மசாஜ் அல்ல. கட்டியை 'உடைக்க' வேண்டியதில்லை. உடைக்கப் போனால் புதிதாகக் கன்றும்.

இங்கேதான் இரண்டாவது விபத்து. கெட்டியாக இருக்கிறதே என்று 26ஆம் நாள் வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்தார் அம்மா. வயிற்றுத் தோல் இன்னும் மரத்துப்போய்த்தான் இருந்தது. லைபோசக்‌ஷனில் நுண்ணிய தோல் நரம்புகள் இழுபட்டு, உணர்வு திரும்பச் சில வாரம் முதல் பல மாதம் வரை ஆகும். சூடு தெரியாததால் பை கால் மணி நேரம் ஒரே இடத்தில் இருந்தது. எடுத்தபோது தொப்புளுக்குக் கீழே 3 செ.மீ. கொப்புளம். புண் பத்து நாளில் ஆறியது, கரும்புள்ளி நின்றுவிட்டது. கிழி, ஒத்தடம், ஹீட்டிங் பேட், துணி சுற்றாத ஐஸ் எல்லாமே உணர்வு திரும்பும்வரை விலக்கு. சோதனை எளிது: ஈரப் பஞ்சால் தொட்டால் கையிலும் வயிற்றிலும் ஒரே குளிர்ச்சி தெரிய வேண்டும். உணர்வு திரும்பும்போது எறும்பு ஊர்வது, திடீரென்று மின்சாரம் பாய்வது, அரிப்பு எல்லாம் வரும். அது நல்ல செய்தி.

காத்திருக்கக் கூடாதவை

இந்த நோயாளிக்கு இவற்றில் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் எழுதாமல் விட முடியாது. முதல் மூன்று நாளில் மூச்சுத் திணறலோடு குழப்பமான பேச்சும் மார்பிலோ அக்குளிலோ ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகளும் வந்தால் கொழுப்புத் துளிகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலையும் மூளையையும் தாக்கியிருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், இரண்டு கால்களின் சுற்றளவையும் முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் டேப்பால் அளந்து பார்த்து, 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றே ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். அளவு சமமாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் ஸ்கேன் வேண்டும். மூச்சு வாங்குவதும் நெஞ்சுக் குத்தலும் சேர்ந்தால் ஸ்கேனுக்குக்கூடக் காத்திராமல் நேராக அவசரப் பிரிவு; 'கேஸ் பிரச்சினை' என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கும் நேரம் அல்ல அது.

மிகவும் ஏமாற்றுவது வலிதான். லைபோசக்‌ஷன் வலி நாளுக்கு நாள் இறங்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் அது ஏறினால், குறிப்பாக வயிறு விறைத்து, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்தால், குடலில் துளை விழுந்திருக்கிறதா என்று சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். தோலில் லேசான சிவப்பு மட்டும் தெரிய, தொட்டாலே அலறும் வலி என்றால், தோலுக்கடியில் வேகமாகப் பரவும் திசு அழுகல் தொடங்கியிருக்கலாம். அங்கே கணக்கு மணி நேரத்தில்தான். இவற்றில் எதையும் போனில் மாத்திரை சொல்லித் தீர்க்க முடியாது.

தாமதமாக வரும் தொற்று ஒன்று நம் ஊரில் தனியாகக் குறிப்பிடத் தக்கது. மூன்று வாரம் முதல் இரண்டு மாதம் கழித்து, ஆறிப்போன துளைக்கு அருகில் வலி அதிகமில்லாத ஊதாநிறக் கட்டி கிளம்பி, உடைந்து, ஒழுகி, வழக்கமான ஆன்டிபயாட்டிக்கிற்கு அசையாமல் நிற்கும். காசநோய்க் கிருமியின் உறவான, தண்ணீரில் வாழும் வேகமாக வளரும் மைக்கோபாக்டீரியா இது. கருவிகளை மருந்துநீரில் ஊறவைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசுவது போன்ற பழக்கத்தால் வருகிறது. சீழைப் பரிசோதித்து அமிலத்தால் கழுவினாலும் சாயம் போகாத கிருமி (ஏ.எஃப்.பி.) என்று வந்ததும் டி.பி. என்று நினைத்து அதற்கான மாத்திரைகளைத் தொடங்கிவிடுவது உண்டு. அந்தக் கூட்டு இதற்கு வேலை செய்யாது. கல்ச்சரில் இனத்தைக் கண்டறிந்து, கிளாரித்ரோமைசின் போன்ற வேறு மருந்துகளை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். சிகிச்சைக்கு முன் நோயாளி கேட்கத் தக்க கேள்வி: 'கேனுலாவை ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்கிறீர்களா?'

வேலை, வண்டி, குடம்

வங்கி வேலைக்கு ஏழாம் நாள் திரும்பினார், ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது என்ற நிபந்தனையோடு. ஸ்கூட்டர் 12ஆம் நாள். சடன் பிரேக் போடும் அளவுக்கு வயிற்றை இறுக்க முடிகிறதா என்பதே அளவுகோல், நாள் கணக்கு அல்ல. தண்ணீர் நிரம்பிய குடமும் கேஸ் சிலிண்டரும் நான்கு வாரத்துக்கு மற்றவர் வேலை. வேக நடை மூன்றாம் வாரம், ஜிம்மும் ஓட்டமும் ஆறாம் வாரம்.

செலவில் விட்டுப்போவது: மெடிக்ளெய்ம் பாலிசிகளின் வழக்கமான விலக்குப் பட்டியலில் அழகுக்கான அறுவை இருக்கிறது, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. சீரோமா எடுக்கும் வருகைகள், இரண்டாவது பெல்ட், ஸ்கேன் ஆகியவை சொன்ன தொகைக்குள் அடங்குமா என்று முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

மூன்றாம் மாதம் எடை 66 கிலோ, சுற்றளவு 85 செ.மீ. ஆறாம் மாதம் 66.3 கிலோ, 84 செ.மீ. எடையில் 2 கிலோவும் இல்லை, சுற்றளவில் 8 செ.மீ.; லைபோசக்‌ஷன் என்பது இதுதான், எடை குறைப்பு அல்ல. சர்க்கரைக்கும் மருந்தல்ல. அமெரிக்காவில் 15 பருமனான பெண்களிடம் வயிற்றுக் கொழுப்பைப் பெருமளவு எடுத்து 10 முதல் 12 வாரம் கழித்துப் பார்த்த 2004 ஆய்வில் இன்சுலினுக்கு உடல் ஒத்துழைப்பது மேம்படவில்லை. 2011இல் கொலராடோ ஆய்வு ஒரு வருடத்தில் உடலின் மொத்தக் கொழுப்பு பழைய அளவுக்குத் திரும்பியதையும், எடுத்த தொடையில் அல்லாமல் வேறு இடங்களில், முக்கியமாக வயிற்றில், சேர்ந்ததையும் காட்டியது. 2012இல் பிரேசில் ஆய்வில், உடற்பயிற்சி செய்யாதவர்களுக்குக் குடலைச் சுற்றிய கொழுப்பு கூடியது, செய்தவர்களுக்குக் கூடவில்லை. எனவே ஆறாம் வாரத்து ஜிம் என்பது விருப்பப் பாடம் அல்ல.

ஆறாம் மாத முடிவில் மீதி இருந்தவை மூன்று. இடது இடுப்பில் சீரோமா இருந்த இடத்தில் பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும் தெரியும் ஒரு குழிவு; தொப்புளுக்குக் கீழே வெந்நீர்ப் பையின் கரும்புள்ளி; சிசேரியன் தழும்புக்கு மேல் கையகல மரப்பு. குழிவுக்கு மறு அறுவை வேண்டாம் என்று நோயாளியே சொல்லிவிட்டார். புள்ளிக்கு சன்ஸ்கிரீனும் காத்திருப்பும், 12ஆம் மாதம் மறுபடி புகைப்படம். மரப்பு ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. எல்லையைப் பேனாவால் வரைந்து மாதம் ஒருமுறை படம் எடுத்துவரச் சொல்லியிருக்கிறது.